ஒற்றைச் சாக்ஸ் புத்தகம் யாரிடம் இருக்கிறது

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் தங்கையும் சுகம். நீயும் சுகம் என்று ஃபோனில் சொல்கிறாய், உன் குரல் அப்படிச் சொல்லாவிட்டாலும் நம்பிக்கொள்கிறேன். ஃபோனில் பேசுவது பேச்சோடு போய்விடுகிறது என்றுதான் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறேன், இந்த முறை மணிக்கட்டு வலிக்கிறது, நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள், எழுத்துக் கோணலாக இருந்தால் அவளைத் திட்டு, என்னைத் திட்டாதே. நூலகத்தில் வடக்குப் பக்கத்து ஜன்னல் மறுபடியும் ஒழுகுகிறது, சமையல் புத்தகங்களைத் தூக்கி வரலாற்றுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன், யாரும் குறை சொல்லவில்லை, அந்த நர்ஸ் அம்மா மட்டும் கேக் செய்யத் தேடி வந்து ஏதோ ஒரு போரைப் பற்றிய புத்தகத்தோடு வீட்டுக்குப் போனார். பஸ் டிரைவர் துப்பறியும் கதைகளை எல்லாம் முடித்துவிட்டு, இனி என்ன படிக்கிறது என்று என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். புதுப் புத்தகங்கள் ஒரு பெட்டி வந்திருக்கிறது, பிரித்ததும் எழுதுகிறேன். நீ சொல்லிக்கொடுத்த இணையப் பாடமும் போய்க்கொண்டிருக்கிறது. நூலகக் குழுவின் கூட்டம் நடந்தது, உங்கள் கம்பெனியிலிருந்து வந்த பிள்ளை மரியாதையாகப் பேசினார், எல்லாரும் கைதட்டினோம். வேறு விசேஷம் இல்லை. ஈரத் தலையோடு படுக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. வேலையில் யாராவது கோபமாக ஏதாவது எழுதினால் உடனே பதில் போடாதே, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து எழுது. உனக்கு எந்தக் குறையும் வரக்கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு எப்போதும்.

இப்படிக்கு,
அம்மா

அண்ணா, இதற்குக் கீழே எழுதுவது நான். அம்மா தூங்கிவிட்டாள். உறையில் போட்டு ஒட்டுவது என் வேலை என்பதால் இந்தப் பக்கத்தை அவள் இனிப் பார்க்கமாட்டாள், ஆனாலும் பயமாக இருக்கிறது. விளக்கைப் போட்டால் கதவிடுக்கில் வெளிச்சம் தெரியும் என்று சமையலறையில் தரையில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்து அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். ரொம்ப நேரம் திறந்திருந்தால் இது கத்த ஆரம்பிக்கும், உனக்கே தெரியும், அதனால் கொஞ்சம் எழுதி, மூடி, இருட்டில் அம்மாவின் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, மறுபடி திறக்கிறேன். நடுநடுவே எழுத்து மாறியிருந்தால் அதனால்தான். உனக்கு எதுவும் எழுதக்கூடாது என்று அம்மா என்னிடம் சத்தியம் வாங்காத குறைதான். முதல் முறையாக அவள் பேச்சை மீறுகிறேன்.

மேலே அவள் சொன்னதில் ஜன்னல் ஒழுகுவது உண்மை, நர்ஸ் அம்மா உண்மை, பஸ் டிரைவர் உண்மை. மணிக்கட்டு வலி உண்மையில்லை. உனக்கு எழுத அவளுக்குக் கை ஓடவில்லை. புதுப் புத்தகப் பெட்டி வந்து மேஜைக்கு அடியில் கிடக்கிறது, அம்மா காலால் அதை உள்ளே தள்ளிவிட்டு உட்கார்கிறாள். புதுப் பெட்டி வந்தால் அவள் என்ன செய்வாள் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? கத்தரிக்கோல் தேடக்கூடப் பொறுக்காமல் சாவியாலேயே நாடாவைக் கிழிப்பாளே, முதல் புத்தகத்தை முகத்துக்கு நேரே விரித்து மோந்து பார்ப்பாளே, வாசலில் போகிறவரைக்கூடக் கூப்பிட்டு உங்களுக்குன்னே ஒண்ணு வந்திருக்கு என்பாளே. அந்த அம்மா பெட்டியை உதைத்துத் தள்ளுகிறாள். மடிக்கணினிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருக்கிறாள். இணையப் பாடம் போய்க்கொண்டிருக்கிறது என்று என்னை எழுதச் சொன்னபோது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கூட்டத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். உனக்கு ஏற்கனவே தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம், தெரியாமல் இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்று உனக்குத் தெரியாது. பள்ளி முடிந்து நேரே நூலகத்துக்குப் போனேன், கடைசி வரிசையில் பஸ் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் கம்பெனிக்காரர் பெரிய திரை விரித்துப் படம் காட்டினார். எந்தப் புத்தகம் யாருக்குப் பிடிக்கும் என்று எங்க கம்ப்யூட்டர் தானே யோசிச்சு தானே எழுதும், ஒவ்வொரு கிளைக்கும் ஒரு நூலகர்னு தினமும் உட்கார வேண்டியதில்லை, வாசல்ல ஒரு மெஷின் போதும், வாரத்துல ஏதோ ஒரு நாள் ஆள் வந்து அடுக்கி வச்சா போதும் என்றார். குழுத் தலைவராக இருக்கிற பல் டாக்டர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அப்புறம் திரையில் குறிப்புகள் வந்தன. இரண்டு டிரிப்புக்கு நடுவில் ஒரு அத்தியாயம் முடியும், என்று ஒன்று. சாப்பிடும்போது படிக்காதீர்கள், நடுவில் ஒரு அறுவை சிகிச்சை வருகிறது, என்று ஒன்று. அண்ணா, அது அம்மா எழுதியது. ஒவ்வொரு புதுப் புத்தகத்தையும் முழுதாகப் படித்துவிட்டு, பஸ் டிரைவரை நினைத்து, நர்ஸ் அம்மாவை நினைத்து அவள் எழுதி, நூலகத்தின் இணையப் பக்கத்தில் அவளே ஏற்றிய வரிகள். பஸ் டிரைவர் என் காதில், என்ன பாப்பா, இந்த மெஷினும் உங்கம்மா மாதிரியே பேசுது என்றார். நான் அப்போதும் உன்னைச் சந்தேகப்படவில்லை. இணையத்தில் இருப்பதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாமே, திருட்டுப் பசங்க, அண்ணனிடம் சொல்ல வேண்டும், அவன் இவர்களை ஒரு வழி பண்ணிவிடுவான் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அந்த ஆள், யாராவது ஏதாவது ஒரு விஷயம் சொல்லுங்க, தேடிக் காட்டறேன் என்றார். பஸ் டிரைவர் எழுந்து, காணாம போன பொருள்னு போடுங்க சார், என் குடை எங்கன்னு தெரிஞ்சுக்கணும் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். துப்பறியும் கதைகளாக வந்தன, எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று நின்றது. ‘ஒற்றைச் சாக்ஸின் மர்மம்’. எழுதியவர், சுண்டெலி.

சுண்டெலி நான், அண்ணா. நீ கடைசியாக வந்திருந்தபோது அம்மாவுக்குப் பக்கம் கட்டச் சொல்லிக்கொடுத்தாயே, எழுத்தைத் தடிப்பாக்குகிற ஒரு குறியை அவள் திறந்துவிட்டு மூட மறந்து பக்கம் முழுவதும் தடித்த எழுத்தாகிப்போய், ஐயோ எல்லாப் புத்தகமும் கத்துதேடா என்று அலறினாளே, நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, திறந்தா மூடணும்மா, அவ்வளவுதான் என்றாயே, அன்றைக்குப் பயிற்சிக்காக நீ ஏற்றிய கற்பனைப் புத்தகம் அது. என் சாக்ஸ் ஒன்று காணாமல் போயிருந்தது, என் பட்டப்பெயரையே ஆசிரியராகப் போட்டாய். காணாமல் போனதைத் தேடுகிறவர்கள் படிக்கலாம், கடைசி அத்தியாயத்தில் கட்டிலுக்கு அடியில் கிடைக்கும், என்று குறிப்பை அம்மா சொன்னாள், நீ தட்டினாய். அழிக்கப் போனபோது, இருக்கட்டும்டா, வெளியில தெரியாம ஒளிச்சு வை என்றாள். வெளியிலிருந்து பார்க்கிற யாருக்கும் அது தெரியாது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே போகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். பாஸ்வேர்டு தெரிந்தவர்கள் நாம் மூன்று பேர். ஒருமுறை உள்ள போய்ப் பார்த்துச் சரிபண்ணித் தரேன்மா என்று ஃபோனில் நீ சொன்ன அன்றைக்கு, என் பையன் பார்த்துத் தரான் என்று அம்மா நூலகத்துக்கு வந்த ஒருவரையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் அந்தக் குறிப்பை உரக்கப் படித்துச் சிரித்துவிட்டு, அம்மாவைப் பார்த்து, இது நம்ம நூலகத்துல இருக்கா, என் பேத்திக்கு வேணுமே என்று கேட்டார். அம்மா எழுந்தாள். திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். அப்படி ஒரு புத்தகமே உலகத்துல இல்லைங்க, அது நாங்க விளையாட்டுக்குப் போட்டது, இதுல ஒரு வரியும் மெஷின் எழுதலை, எல்லாம் என் எழுத்து, அவ்வளவு சொன்னால் போதும். அந்த ஆள் திரையைச் சுருட்டிக்கொண்டு போயிருப்பார். அம்மா சொன்னாள், இருக்குங்க. ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருக்காரு. வந்ததும் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன். சொல்லிவிட்டு உட்கார்ந்து கைதட்டினாள். எல்லாருக்கும் முன்னால் அவள் கைதட்டினாள், அண்ணா.

(ஃப்ரிட்ஜ் கத்திவிட்டது. அம்மா புரண்டு படுத்தாள், எழுந்திருக்கவில்லை.)

வரும் வழியில் ரொட்டி வாங்கினாள், மழைக்கு என்னைக் குடைக்குள் இழுத்துக்கொண்டாள். கதவைப் பூட்டிவிட்டு, அவனுக்கு அங்க என்ன நெருக்கடியோ, நாம ஏதாவது சொல்லப் போய் அவன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீ ஒரு வார்த்தை எழுதக்கூடாது என்றாள். அப்பா இல்லாத இந்த வீட்டில் அவள் உன்னைத்தான் பெரியவன், பெரியவன் என்று சொல்லி என்னை வளர்த்தாள். நானும் வகுப்பில் எல்லாரிடமும் என் அண்ணன்தான் எங்கம்மாவுக்கு வாத்தியார் என்று பீற்றிக்கொண்டேன். எனக்குத் தூக்கம் வராமல் திரும்பத் திரும்ப வருவது ஒரே கேள்விதான். அவ்வளவு பொறுமையாக, ஒரு தடவைகூட முகம் சுளிக்காமல் சொல்லிக்கொடுத்தாயே, அது அம்மாவுக்காகவா, இல்லை அவள் எழுதி வைப்பதை இப்படி எடுத்துப்போகத்தானா? இல்லை என்று சொல். பொய்யாக இருந்தாலும் என்று எழுத வந்தேன், வேண்டாம், பொய்யாக இருந்தால் சொல்லாதே.

அடுத்த கூட்டத்தில் முடிவு செய்துவிடுவார்கள். அவர்கள் சரி என்றால் அம்மாவின் நாற்காலியில் ஒரு மெஷின் நிற்கும். நீ பல் டாக்டருக்கு ஒரு ஃபோன் செய்து, அந்த வரிகள் யாருடையவை என்று சொன்னால் போதும். உன் வேலைக்கு ஆபத்து வருமா என்று எனக்குத் தெரியாது, வரலாம், அதை நினைத்தாலும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அம்மா சொல்லமாட்டாள். அவள் வாயை உன் பெயரால் அவளே தைத்துக்கொண்டுவிட்டாள்.

நேற்று அவள் குளிக்கப் போனபோது துண்டை எடுத்துவிட்டு நூலகத் தளத்துக்குள் போனேன். சாக்ஸ் புத்தகத்தை அழித்திருப்பாள் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. இரவல் பகுதியைத் திறந்து, எடுத்துச் சென்றவர் என்ற கட்டத்தில் ‘பெரியவன்’ என்று போட்டிருக்கிறாள். திருப்பித் தர வேண்டிய நாள் என்ற கட்டம் காலியாக இருந்தது. யாருக்கும் அவள் அதைக் காலியாக விட்டதில்லை, எனக்குக்கூட விட்டதில்லை, ஒரு நாள் தாமதமானால் சாப்பாட்டு மேஜையிலேயே கேட்பவள்.

அந்தக் கட்டத்தில் நான் தேதி போட்டுவிட்டேன். கூட்டத்துக்கு முந்தைய நாள். அம்மா திறந்து பார்த்தால் யார் போட்டது என்று உடனே தெரிந்துவிடும், அதற்குள் நீ ஏதாவது செய்திருக்க வேண்டும். ஆசீர்வாதம் எல்லாம் முன்பக்கத்தில் அம்மா சொல்லிவிட்டாள், எனக்கு அந்த வயதில்லை. ஈரத் தலையோடு படுக்காதே, அது நானும் சொல்கிறேன். இந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து பதில் போட வேண்டாம், படித்த உடனே போடு.

கதவை மூடுகிறேன்.

உன் தங்கை,
சுண்டெலி