விரிசல் பற்றிய கேள்விகள்

அன்புள்ள மகனுக்கு,

இதை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவாவது தபாலில் சேருமா என்று தெரியவில்லை.

நம் கட்டடப் பொறியாளர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகப்போவதாக நேற்று அதில் எழுதியிருந்தாய். காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் வீண் சண்டையும்தான் மிச்சம், தொழில் பேச்சே இல்லை என்றாய். உண்மைதான். ஆனால் அதைப் படித்ததிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. "கால்ல சக்கரமா கட்டியிருக்கு?" என்கிறாள் உன் அம்மா.

போன வாரம் தூண் விரிசலைப் பற்றி நான் கேட்டதும் ஒரு ஒப்பந்தக்காரர், "பெரியவர் மறுபடி விரிசலோட வந்துட்டாருப்பா!" என்று கிண்டலடித்தார். நீதான், "இங்க வேலையைப் பத்திக் கேக்கிறது சார் ஒருத்தர்தான்" என்று அவர் வாயை அடைத்துவிட்டு எனக்குப் பொறுமையாக விளக்கினாய்.

அதற்கு விடை எனக்குத் தெரியும். இதுவரை கேட்ட எல்லாவற்றுக்கும் தெரியும். நீ என் போனை எடுக்காமல் போன பிறகு, நீ எனக்குப் பதில் சொல்லும் இடம் அந்தக் குழு ஒன்றுதான். அப்பா என்று சொல்லாமல் அங்கே நீ கூப்பிடும் "சார்" கூடப் பழகிவிட்டது.

விலகுவது உன் இஷ்டம். நம் மாடிப்படிக்குக் கீழே ஒரு விரிசல் விட்டிருக்கிறது. அதற்கும் எனக்கு விடை தெரியும். இருந்தாலும் நீ வந்து பார்.

அப்பா