நமோயா என்று ஒரு சிப்பாய்

கார்ஸ்டன் ரிசர்வ், சஸ்காட்செவான்
13 நவம்பர் 1958

அன்பு மகள் ரோசன்னாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்த வான்கூவர் மழையில் நனைந்து இருமிக்கொண்டிருக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, ஆனால் அதை ஒப்புக்கொண்டால் தண்ணீர் எடுக்கப் போக வேண்டி வரும் என்று நொண்டிக்கொண்டேதான் இருக்கிறாள். முதல் பனியிலேயே ஒரு மூஸ் மான் கிடைத்தது. அரசாங்கம் நம் ஆட்களுக்கு ஒதுக்கிய இந்த ரிசர்வில் பாதிப் பேருக்குப் பங்கு போட்ட பிறகும் கூரையில் இறைச்சி தொங்குகிறது, உனக்குக் கொஞ்சம் உலர்த்தி அனுப்புகிறோம். லாரி வழக்கம்போல நான் கெட்ட வார்த்தை சொன்னால்தான் கிளம்புகிறது.

கல் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன், உட்கார்ந்து படி. கார்ஸ்டன் ஊர் நினைவுக்கல்லில் முதல் போரில் செத்தவர்கள் பேர் மட்டும்தானே இருந்தது, இரண்டாம் போர் முடிந்து பதின்மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் மற்றவர்களையும் சேர்க்க ஊர்க்காரர்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. மொத்தம் பதினோரு பேர். தபால் ஆபீஸ் சுவரில் பட்டியல் ஒட்டியிருந்தார்கள், அதில் உன் சித்தப்பா பேர் இருக்கிறதா என்று பார்க்க நானும் எலைசா அத்தையும் போனோம். இருந்தது. ஜோசப் அச்சாகோஸ் என்று அல்ல, ஜோசப் நமோயா என்று. அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பேர் எப்படி வந்தது என்று நான் உன்னிடம் முழுசாகச் சொன்னதில்லை. 1940 கோடையில் நானும் ஜோசப்பும் சஸ்காடூனில் படையில் சேர வரிசையில் நின்றோம். குமாஸ்தா தலையைத் தூக்காமல் பேர் கேட்டான், ஜோசப் என்றான் இவன். குடும்பப் பேரைத் தெரிந்துகொள்ள இன்னொரு பேர் என்று கேட்டான். காட்டில் பொறி வைத்து மிருகம் பிடித்துத் திரிந்தவனுக்கு என்ன இங்கிலீஷ் தெரியும், வேறு பேர் ஏதாவது உண்டா என்று கேட்கிறான் என்று நினைத்து நம் கிரீ பாஷையிலேயே நமோயா என்றான், அதாவது இல்லை. குமாஸ்தா எழுத்து எழுத்தாக அதை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டான். அடுத்த ஆள் நான். ஒரு எட்டு முன்னால் வைத்து இது பேர் இல்லை ஐயா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஜோசப்பும் கண்ணடித்தான். இரண்டு நாள் கழித்துத் திருத்தப் போனால் காகிதம் ஒட்டாவாவுக்குப் போய்விட்டது என்றார்கள். அப்புறம் தினமும் காலையில் சார்ஜன்ட் ‘நமோயா!’ என்று கத்துவான், எங்கள் காதில் அது ‘இல்லை!’, இவன் ‘இருக்கேன் சார்!’ என்று கத்துவான், வரிசையில் நின்ற நாங்கள் நாலு கிரீ இனப் பையன்களும் சிரிப்பை அடக்கமுடியாமல் மாட்டிக்கொள்வோம். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே அந்த ஆள் எங்களை மைதானத்தைச் சுற்ற விடுவான்.

நாலு வருஷம் கழித்து அவன் இத்தாலியில் செத்தபோதுதான் அந்தச் சிரிப்பு திரும்பி வந்து என்னையே குத்தியது. நான் காலில் குண்டு பட்டு இங்கிலாந்து ஆஸ்பத்திரியில் கிடந்தேன். தந்தி ரிசர்வுக்கு வந்திருக்கிறது, அப்போது ரிசர்வைப் பார்த்துக்கொண்ட அரசாங்க ஏஜென்ட் தன் பட்டியலைப் பார்த்துவிட்டு நமோயா என்று இங்கே யாரும் கிடையாது என்று மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டான். நம் பாஷையில் ஒரே ஒரு வார்த்தையாவது அந்த ஆளுக்குத் தெரிந்திருந்தால் அது இந்த வார்த்தையாகத்தான் இருந்திருக்கும், அவ்வளவு தடவை அதை நாம் அவனிடம் சொல்லியிருக்கிறோம். அவன் சாமான் பெட்டி வந்து சேரும்வரை மூன்று மாசம் அத்தை செத்தவனுக்குக் காலுறை பின்னி அனுப்பிக்கொண்டிருந்தாள். தாத்தா காலத்தில் ராணியின் ஆட்கள் நம் நிலத்துக்கு உடன்படிக்கை போட வந்தபோதும் இதே கதைதான், பேர் எழுதினது அவர்கள், பக்கத்தில் பெருக்கல் குறி போட்டது நம் ஆட்கள். ஓட்டுப் போட நமக்கு உரிமை இல்லை, ஆனால் சாவதற்கு வரிசையில் நின்றால் எவனும் தடுப்பதில்லை.

பேரைத் திருத்தச் சொல்லி நினைவுக்கல் கமிட்டிக்குப் போனோம். விதை வியாபாரம் செய்கிறாரே பிரிட்சர்ட், அவர்தான் செயலாளர். நாற்காலி போட்டார், டீ கொடுத்தார், மனுஷன் கெட்டவர் இல்லை, காகிதத்துக்குப் பயந்தவர். படைக் காகிதத்துல என்ன இருக்கோ அதான் கல்லுல வரும் தாமஸ், வேணும்னா ஏஜென்ட்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க என்றார். இப்போதைய ஏஜென்ட்டிடம் போனால், நமோயாவோட பெட்டியக் குடுத்ததுக்கு எங்க ஆபீஸ்ல கையெழுத்து இருக்குப்பா, இப்ப அச்சாகோஸ்னு எழுதினா செத்தது ரெண்டு பேரான்னு மேல கேப்பாங்க என்று கையை விரித்தான். திரும்பக் கமிட்டிக்கே வந்தோம். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு தெரியுமாய்யா, ‘இல்லை’ன்னு அர்த்தம், கல்லுல ‘ஜோசப் இல்லை’ன்னு வெட்டப் போறீங்க என்று மேஜையைத் தட்டிச் சொன்னாள். பிரிட்சர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, அப்படின்னா அவருக்குப் படையில சேர விருப்பம் இல்லையா என்று கேட்டார். அத்தை விடுவாளா. விருப்பம் இல்லாதவங்க இந்த ஊர்ல நெறைய பேர் இருந்தாங்க, அவங்கள்லாம் பத்திரமா இந்தக் கமிட்டியில உக்காந்திருக்காங்க என்றாள். என்னோடு ஹாலந்தில் போரில் இருந்த ஆங்கஸ் மெக்ரேயும் அங்கே இருந்தான், அவன் சிரித்த சிரிப்பில் டீ மூக்கு வழியாக வந்தது.

ஆனால் சிரித்தால் பேர் மாறுமா. வியாழக்கிழமை வெட்ட ஆரம்பிக்கிறார்கள், இந்தப் பேர் இல்லையென்றால் பேரே வேண்டாம் என்று எழுதிக்கொடுங்கள் என்றார் பிரிட்சர்ட். அப்படியானால் பேரே வேண்டாம் என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். அத்தை பின்னாலேயே வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தாள். டேய், பேரே இல்லாம விட்டா பத்து வருஷத்துல அவன் போருக்கே போகலம்பானுங்க, உன் ரோஷத்துக்கு அவன ரெண்டாவது தடவ சாகடிக்காதே என்றாள். அக்கா சொன்னது சரி. உள்ளே போய் வெட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கசப்பாக எதையும் விழுங்கியதில்லை.

அத்தை மட்டும் அதோடு நிற்கவில்லை. தானியக் கிடங்குக்குப் பின்னால் கொட்டகை போட்டிருக்கும் கல்வெட்டுக்காரர் பெத்ரோவிடம் போனாள், உக்ரேனியர், உனக்கு ஞாபகம் இருக்கும். ஒன்று கேட்கப் போகிறவர் புகையிலை கொடுப்பது நம் வழக்கமல்லவா, அதன்படி துணியில் முடிந்த புகையிலையைக் கையில் கொடுத்திருக்கிறாள். அந்த மனுஷன் நன்றி சொல்லிவிட்டு அங்கேயே சுருட்டிப் பற்றவைத்துக்கொண்டாராம். அத்தை ஒன்றும் கேட்கவில்லை, நடந்த கதையை மட்டும் சொன்னாள். என் பேரையும் கப்பல்துறை ஆபீசர் பாதியா நறுக்கிட்டாம்மா, மீதிய அந்தக் கடல்லயே விட்டுட்டு வந்துட்டேன் என்றாராம் அவர். உங்க வீட்டுப் பேருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாராம். அச்சாகோஸ்னா நட்சத்திரம் என்றாள். சரி என்று புகையை விட்டாராம், அவ்வளவுதான் பேச்சு.

நினைவு நாளில் வைத்திருந்த திறப்பு விழாவுக்கு மூன்று நாள் முன்னால் பிரிட்சர்ட் கல்லைப் பார்க்கப் போயிருக்கிறார். பத்துப் பேர் வெறுமனே இருக்க, ஜோசப் நமோயாவுக்குப் பக்கத்தில் மட்டும் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு நட்சத்திரம். இது என்னய்யா என்று கத்தியிருக்கிறார். கை வழுக்கிடுச்சு என்றாராம் பெத்ரோ. ஐந்து முனையோடு வழுக்குகிற கையை நான் கேள்விப்பட்டதில்லை. அதைத் தேய்த்து எடுத்தால் கல்லில் பள்ளம் விழும், புதுக் கல்லுக்கு நேரம் இல்லை. கமிட்டி அவசரமாகக் கூடி ஒருவருக்கு மட்டும் தனி அலங்காரம் கூடாது, எல்லோரும் சமம், அதனால் பதினோரு பேருக்கும் நட்சத்திரம் வெட்டுவது என்று தீர்மானம் போட்டுவிட்டது! பெத்ரோ இரண்டே நாளில் பத்து நட்சத்திரம் வெட்டினார்.

பதினோராம் தேதி நம் ரிசர்விலிருந்து லாரியிலும் பனிவண்டியிலுமாக அறுபது பேர் போனோம். மேயர் கல்லை மூடியிருந்த துணியை விலக்கிவிட்டு, தேசத்தின் வானத்தில் மின்னும் தாரகைகள் என்று அரை மணி நேரம் பேசினார். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையைக் கிள்ளினாள். அத்தை நம் பாஷையில் மெதுவாக, பாத்தியாடா, பதினோரு பேரும் நம்ம வீட்டுப் பிள்ளைங்க ஆயிட்டானுங்க என்றாள். கூட்டம் கலைந்த பிறகு லிண்ட்க்விஸ்ட் அம்மாள், மகனை நார்மண்டிச் சண்டையில் பறிகொடுத்தவர், அவன் பேருக்குப் பக்கத்து நட்சத்திரத்தைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தடவினார், இதை எதுக்குப் போட்டாங்க என்று அத்தையிடமே கேட்டார். அத்தை பொய் சொல்லத் தெரியாதவள், அது எங்கள் வீட்டுப் பேர் என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் நட்சத்திரத்தை இன்னொரு தடவை தடவினார். பிறகு, உங்க பாஷையில அதை எப்படிச் சொல்லணும் என்று கேட்டார். இரண்டு தடவை தப்பாகச் சொன்னார், மூன்றாம் தடவை சரியாக வந்தது. பதினெட்டு வருஷத்தில் ஊர்க்காரர் ஒருவர் வாயில் என் தம்பி பேரை முதல் தடவையாகக் கேட்டேன் மகளே. திரும்பி நின்று லாரிச் சக்கரத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

அப்புறம் படைவீரர்கள் எல்லோரும் தங்கள் சங்கக் கட்டடத்துக்குள் போனார்கள், நான் வாசலில். உள்ளே பீர் இருக்கிறது, நம் ஆட்கள் பீர் இருக்கும் இடத்தில் இருந்தால் சட்டப்படி குற்றம். ஆங்கஸும் இன்னும் இரண்டு பேரும் நாற்காலியை வெளியே தூக்கிக்கொண்டு வந்து அந்தக் குளிரில் என்னோடு டீ குடித்தார்கள். நல்ல மனுஷர்கள். ஆனாலும் சட்டத்தைத் தூக்கி எறியாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே என்று எனக்கு இருந்தது, அதை அவர்களிடமே சொன்னேன்.

கடைசியாக ஒன்று. நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் உன் சட்டையில் குத்துகிற பேர் அட்டையில் அச்சாகோஸை ஆட்கின்ஸ் என்று அச்சடித்துவிட்டார்கள், எல்லோரும் அப்படியே கூப்பிடுகிறார்கள், சொல்லவும் சுலபம், விட்டுவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறாய். இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலையில் வேலைக்குப் போனதும் முதல் காரியமாக அட்டை போடுகிற குமாஸ்தா முன்னால் போய் நில், எழுத்து எழுத்தாகச் சொல், எழுதி முடிக்கும்வரை நகராதே. பெத்ரோ மாதிரி ஒருத்தர் எல்லா ஊரிலும் இருக்கமாட்டார்.

கம்பளிச் சட்டையைப் பெட்டியிலேயே வைத்துப் பூச்சிக்குக் கொடுக்காதே, போட்டுக்கொள். உன் கையால் தொடுகிற நோயாளிகள் எழுந்து நடக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் உனக்கு நல்ல மனுஷர்கள் அமையட்டும். அம்மாவும் அத்தையும் முத்தம் சொல்லச் சொன்னார்கள். புது அட்டை வந்ததும் அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, எழுத்துத் தெரிகிற மாதிரி.

உன் அன்பு அப்பா,
தாமஸ் அச்சாகோஸ்