கொட்டகையைப் பூட்டாதீர்கள்

அன்பு மகளுக்கும், அவளோடு தோள் சேர்ந்து நிற்கும் தோழியர் இருவர்க்கும் அப்பா எழுதுவது.

என்மீது ஒரு பழி விழுந்திருக்கிறது. என்னைக் கேட்காமலே தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். ஆலை வாயிலில் அடுத்தவர் நீதிக்காக முழங்கியவனுக்குத் தன் வீட்டில் ஒரு விசாரணைகூட இல்லையா?

சென்ற வாரம் நீ தொலைபேசியில் அழைத்தாய். விடுதிக்குப் பின்னாலுள்ள மிதிவண்டிக் கொட்டகையில் மூவரும் தொழில் தொடங்கிவிட்டோம் என்றாய். கழுத்துப்பட்டையில் பொருத்தும் சிறு ஒலிபெருக்கி, முணுமுணுத்தாலே போதும், கூட்டத்துக்கே கேட்கும் என்றாய். "அப்பா, என்ன சொல்றீங்க?" என்று கேட்டாய். என்னிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை; மேசை அதிரும் ஓசைதான் வந்தது. தொழிற்சங்கத்துக்காரர், மகள் முதலாளியானது பொறுக்காமல் மேசையில் அறைகிறார் என்று முடிவு கட்டிவிட்டாய்.

மகளே, எங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானத்தை முழுமனத்தோடு வரவேற்கும்போது மேசையைத் தட்டுவோம். நான் தட்டியது அப்படித்தான். தொண்டையில் சிறு கட்டி, தீங்கற்றது, அஞ்சாதே. ஆனால் சில வாரங்களுக்குப் பேசவே கூடாது என்று மருத்துவர் வாயை அடைத்துவிட்டார். உனக்குத் தேர்வு நேரம் என்பதால் மறைத்தோம். உன் அம்மாவுக்கோ கொண்டாட்டம். "கல்யாணமான நாள்ல இருந்து இப்பதான் நான் ஒரு பேச்சைப் பேசி முடிக்கிறேன்" என்கிறாள்.

நேற்று உன் அறைத்தோழி அம்மாவை அழைத்து எல்லாவற்றையும் சொன்னாளாம். தன் அண்ணன் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வேலை தேடிப் படியேறி இறங்கியதைப் பார்த்தே இதில் இறங்கியதாக அவள் சொன்னாள். இன்னொருத்திக்கு எவரிடமும் கைகட்டி நிற்க முடியாதாம்; அவளைச் சங்கத்தில் சேர்த்திருப்பேன். நீ ஏன் தொடங்கினாய் என்று அம்மா கேட்டதற்குத்தான் அந்தப் பெண் தயங்கினாளாம். பிறகு சொன்னாளாம்: "அவங்கப்பா பழையபடி கூட்டத்துல பேசணும்னு அத்தை. வேற ஒண்ணும் இல்ல."

என் குரல் கம்மத் தொடங்கியதை நான் ஒப்புக்கொள்ளும் முன்பே நீ கேட்டிருக்கிறாய். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நான் உப்புநீர் கொப்பளித்தபோது, கதவோரம் நின்றவள் நீ.

கொட்டகையைப் பூட்டிவிட்டு, உனக்குக் கிடைத்திருக்கும் பெருநிறுவன வேலைக்கு இந்த வாரத்துக்குள் ஒப்புதல் தரப்போகிறாயாம். நான் மேசை தட்டியதன் பொருளைத் தொலைபேசியில் தானே உனக்குச் சொல்லிவிடுவதாக அம்மா சொன்னாள். என் வழக்கை நானே வாதாடுவேன் என்று எழுதிக் காட்டி, அங்கு வரும் மாமாவிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். அந்த வேலை உன் மனத்துக்குப் பிடித்திருந்தால் போ, தடுக்க மாட்டேன். எனக்கு அஞ்சித்தான் போகிறாய் என்றால், அந்த அச்சத்துக்கு இனி இடமில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். நாளை உங்கள் பட்டறையில் ஒருவர் கூலிக்கு வந்து நின்றால், அவர் சார்பில் முதலில் கேள்வி கேட்பவன் நானாகத்தான் இருப்பேன். மகள் என்று தள்ளுபடி கிடையாது.

மூவரும் நீடு வாழ்க. நீங்கள் இதைப் படிக்கும்போது மாமா உங்கள் வாசலில் காத்திருப்பார். அவரைக் காக்க வைக்காதீர்கள். கொட்டகையைத் திறந்து ஒரு கழுத்துப்பட்டையை அவர் கையில் கொடுங்கள். மாதக் கடைசியில் ஆலை வாயிற்கூட்டம்; அதற்குள் மெல்லப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நான் பேச வேண்டும்.

உன் சொல்லுக்குக் காத்திருக்கும்,
அப்பா