டீபக் என்று நான் வைத்த பெயர்

மார்ச் 3
வாடிக்கையாளரின் புரோகிராம் மறுபடி செத்துவிட்டது. அவர்கள் அதில் சேர்த்துப் பயன்படுத்தும் எங்கள் சி லைப்ரரியில், நினைவகத்தை விடுவிக்கும் வரியில்தான் விழுகிறது. ஆமை எழுதிய வரி. எதையும் மூன்று முறை படித்துப் பார்த்த பிறகே கொடுப்பான் என்பதால் ஆபீஸ் அவனுக்கு வைத்த பெயர் அது.

"அந்த வரி யாரோடது?" என்றார் மேனேஜர். "ஆமையோடது" என்றேன். பொய்யில்லையே.

மார்ச் 5
"இங்க ஒழுங்கா ஓடுது. அவங்ககிட்ட மட்டும் ஏன் விழுது?" ஆமை இதையே கேட்டுக்கொண்டிருக்கிறான். சாக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். மேனேஜர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மார்ச் 13
அவனை அனுப்பிவிட்டார்கள். மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம்.

மார்ச் 24
அவன் போயும் விழுகிறது. வேலை இப்போது என் தலையில். நிரலை எப்படிக் கம்பைல் செய்து புரோகிராமாக்குகிறீர்கள் என்று வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன்.

லைப்ரரியோடு வெளியே கொடுக்கும் ஹெடர் கோப்பில், டீபக் (DEBUG, பிழைதேடல்) என்ற மேக்ரோவை, கம்பைல் செய்யும்போது சுவிட்ச் மாதிரி போட்டால் மட்டும், தரவுகளை வரிசையாக அடுக்கும் ஸ்ட்ரக்டின் நடுவில் ஓர் எண் கூடுதலாகச் சேரும்படி வைத்தது நான். என் சோதனை வசதிக்காக. அவர்களும் தங்கள் சோதனைக்கு அதே பெயரை வைத்திருக்கிறார்கள். யார்தான் வைக்க மாட்டார்கள்? அவர்கள் புரோகிராம் அந்த எண்ணையும் சேர்த்துக் கணக்கிடுகிறது. அது இல்லாமல் கம்பைல் ஆகிப் போன எங்கள் லைப்ரரிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஆமையின் வரி தப்பான இடத்தைப் போய் விடுவிக்கிறது. இங்கே லைப்ரரியையும் சோதனைப் புரோகிராமையும் ஒரே மாதிரி கம்பைல் செய்கிறோம், எப்படி விழும்?

அவன் சரியாத்தானே கேட்டான் — நான் ஏன் ஒரு நிமிஷம் உக்காந்து யோசிக்கல? ச்சே.

மார்ச் 25
மேனேஜரிடம் சொன்னேன். "திருத்திடுங்க. பழசைக் கிளற வேண்டாம்."
"அவனைத் திரும்பக் கூப்பிடணும், சார்."
"அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாச்சு."

மார்ச் 26
அந்த எண்ணை ஹெடரிலிருந்தே எடுத்துவிட்டேன். இனி யார் பெயரோடும் மோதாதபடி மேக்ரோ பெயருக்கு முன்னால் லைப்ரரியின் பெயரைச் சேர்த்தேன். வெளியீட்டுக் குறிப்பில், தவறு என்னுடையது, ஆமையின் வரியில் குற்றமில்லை என்று எழுதினேன். மேனேஜர் நீக்கச் சொன்னார். நீக்கவில்லை.

ஏப்ரல் 19
ஆமைக்குப் பெண் குழந்தை. பார்க்கப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அழுதும்விட்டேன். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடியே கேட்டுக்கொண்டிருந்தான். குறிப்பை முன்பே படித்திருக்கிறான்.

"திருத்தம் சரியா இருக்கு" என்றான். திட்டியிருக்கலாம்.

கிளம்பும்போது வாசல்வரை வந்தான். "பாத்துப் போங்க, மேடம்."

ஏழு வருஷமாக என்னை அக்கா என்று கூப்பிட்டவன்.