உன் பெயருக்கு வரும் குறுஞ்செய்திகள்

இன்று காலை நாஷ்டா தட்டில் கை வைத்த நேரத்தில் உன் கல்லூரியிலிருந்து என் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. உன் பெயரைப் போட்டு, பட்டமளிப்பு விழாவுக்கு வருவாயா என்று கேட்டிருந்தார்கள். நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. அங்கே யாரோ பழைய பட்டியலை வைத்து அப்படியே அனுப்பியிருக்கிறார்கள். இட்லித் தட்டைத் தள்ளி வைத்தேன்.

உன் பெயரோடு என் எண் ஒட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? பிளஸ் டூ முடித்து, இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிவு செய்ய புதுவாயல் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தோம். "ஊட்ல கீற ஒரே போனை அப்பா ஏரிக்கு எத்துகினு போயிடுவாரு. ஓடிபி வந்தா தண்ணி மேல யாருடா பாக்கறது? உன் நம்பரையே போட்ரு" என்றாய். பாஸ்வேர்டையும் என்னிடமே கொடுத்தாய். எனக்கே என்மேல் அவ்வளவு நம்பிக்கை கிடையாது.

இருவருக்கும் கட்-ஆஃப் ஏறக்குறைய ஒன்றுதான். விருப்பப் பட்டியலில் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கல்லூரியை முதலில் போடுவது என்று பேசிக்கொண்டோம். உனக்கு வேறு வழியில்லை. விடிகாலையில் பழவேற்காடு ஏரியில் அப்பாவோடு வலை இழுத்துவிட்டுத்தான் நீ வகுப்புக்குப் போக முடியும். எங்கள் நெல் வயலை அப்பாவே பார்த்துக்கொள்வார் என்பதால் எனக்கு அப்படி ஒரு கட்டாயமும் இல்லை. "நீயும் வர்றியா, அது போதும்டா. ஒரே வண்டில போயிகினு வந்துகினு இருக்கலாம்" என்றாய். நானும் தலையாட்டினேன்.

பட்டியலை இறுதி செய்து பூட்ட வேண்டிய கடைசி நாள் நீ ஏரியில் இருந்தாய். நான் தனியாகப் போய் உன் பட்டியலைப் பேசியபடியே பூட்டினேன். அடுத்து என்னுடையதைத் திறந்தேன். இரண்டாவதாக இருந்த சென்னைக் கல்லூரியை முதலிடத்துக்கு ஏற்றினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆசைதான்.

ஒதுக்கீட்டு ஆணை வந்ததும், "நம்ம காலேஜு எனக்குக் கெடைக்கலடா, சென்னையில போட்டுட்டாங்க" என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். நீ தாளை வாங்கினாய். கல்லூரிப் பெயருக்குக் கீழே 'விருப்ப எண் 1' என்று அச்சாகியிருந்தது. உன் விரல் அங்கே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தாளை மடித்து என் சட்டைப் பையில் வைத்தாய். "நல்ல காலேஜு. போய்ப் படி. என்னாண்ட பொய் மட்டும் சொல்லாதடா, பேஜாரா கீது" என்றாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நீ எடுக்கவேயில்லை.

கல்லூரிப் பதிவேட்டிலும் என் எண்ணே தங்கிவிட்டது. நீ வகுப்புக்குப் போகாத நாளில், "உங்கள் மகன் இன்று வரவில்லை" என்று எனக்குச் செய்தி வரும். விடுதியிலிருந்து உன்னைக் கூப்பிட்டு, "இன்னாடா மவனே, கட்டா?" என்பேன். "எறா சீசன் நைனா, மன்னிச்சிடு" என்பாய். அப்பன் ஸ்தானம் எனக்கு அப்படித்தான் வந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு நாள் அதே செய்தி வந்தது. எனக்கு லேப் இருந்தது. இறால் பிடிக்கத்தான் போயிருப்பாய், மத்தியானம் திட்டிக்கொள்ளலாம் என்று போனைப் பையில் போட்டேன். மத்தியானம் என் அப்பா கூப்பிட்டார். புதுவாயல் கூட்டு ரோட்டில் உன் வண்டிமேல் லாரி ஏறிவிட்டது. நீ கல்லூரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தாய். "நல்ல வேளை, பின்னாடி யாரும் குந்திகினு இல்ல" என்றார் அப்பா. அந்த இடம் யாருடையது என்று அவருக்குத் தெரியாது.

நான் இருந்திருந்தால் இருவருமே போயிருப்போமோ, அல்லது என் வழக்கப்படி நான் தாமதமாகக் கிளம்பி, லாரி நமக்கு முன்பே கடந்திருக்குமோ? யோசித்து யோசித்து அலுத்துவிட்டேன். உனக்குக் கொடுத்த வாக்கை நான் உடைத்தேன். அது மட்டும் நிச்சயம்.

இன்றைய செய்தியில் மூன்று பதில்கள் இருந்தன. வருவதானால் 1, வராவிட்டால் 2, தவறான எண் என்றால் 3. நீ வரவில்லை என்று அப்போதெல்லாம் அவர்கள்தான் எனக்குச் சொல்வார்கள். இன்று நான் அவர்களுக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. 2 என்று அனுப்பினேன்.

3 அனுப்பியிருந்தால் இனி எதுவும் வராது. ஆனால் உன்னிடம் இன்னொரு பொய் சொல்ல என்னால் முடியாது. இது தவறான எண் இல்லைடா.