பின் வரிசை நீலம்

12.10.2002, சனி
காலையிலிருந்து பனிமூட்டம். துவைத்த துணி காயாமல் நாற்றம். வளப்பூர் நாடு, மலைமேல் மாமா வீடு. முற்றத்து ஸ்டாண்டில் என் கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றின் மேலும் கரண்ட் கடத்தும் பிளாஸ்டிக் படலம், பாலிஅனிலின். பச்சையாக இருந்தால் கடத்தும். அதிலுள்ள அமிலம் போய்விட்டால் நீலமாகிச் செத்துவிடும். எந்தப் பருவத்தையும் தாங்கும் என்று என் ஆராய்ச்சி கைடு கட்டுரையே எழுதிவிட்டார், வெயில் பனியில் வைத்து அளவு எடுக்கும் முன்பே. அதற்குத் தோதாக நான் அளக்க வேண்டுமாம். என் பி.எச்டி. அவர் கையெழுத்தில்.
வாங்க: பேட்டரி, சோப்பு, காலில் ஏறும் அட்டைக்கு உப்பு.

14.10, திங்கள்
ஆயுத பூஜை. குளித்து வருவதற்குள் மாமா எல்லாவற்றுக்கும் விபூதிப் பட்டை போட்டு, பொட்டு வைத்து முடித்துவிட்டார். அரிவாள், மண்வெட்டி, டி.வி., என் மல்டிமீட்டர். கண்ணாடித் துண்டுகளுக்கும்! "உன்ற படிப்புச் சாமானை மட்டும் உட்டுட்டா நல்லாவா இருக்கும் கண்ணு?" என்று சிரிப்பு வேறு. அழுகையை அடக்கிக்கொண்டு பொரி தின்றேன். விபூதிச் சாம்பல் காரம், அமிலத்தை முறித்துவிடும். பட்ட இடமெல்லாம் நீலம்.
சாயங்காலம் நன்றாகப் பார்த்தேன். பின் வரிசைக்கு மாமா கை எட்டவில்லை. விபூதி இல்லை, பொட்டு இல்லை. அவையும் நீலம். மீட்டர் முள் அசையவில்லை. பனி ஈரமே அமிலத்தைக் கழுவியிருக்கிறது. கைடு வரட்டும், அவரிடம் காட்டிவிட்டு மாமாவிடம் சொல்லலாம்.

16.10, புதன்
கைடு காரில் வந்தார். நாட்டுக்கோழி கேட்டார். விரலை நக்கி நக்கித் தின்றார். பின் வரிசையைக் காட்டினேன். பார்த்தார். எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தார். பிறகு எல்லோர் முன்னாலும் மாமாவிடம், "என்னய்யா பண்ணி வச்சிருக்க? இந்தப் பொண்ணு படிப்பே உன்னால போச்சு."
மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். "தெரியாமப் பண்ணிப்புட்டனுங்க சார். சாமிக்குன்னுதானுங்க வெச்சேன்."
நான் வாய் திறக்கவில்லை. த்தூ.
காரில் ஏறும்போது கைடு என்னிடம் மெதுவாக: "நல்லதாப் போச்சும்மா. பொட்டு வச்சதால கெட்டுப்போச்சுன்னு இதைத் தள்ளிடு. லேப்ல எடுத்த அளவையே போட்டுக்கலாம்." தோளில் தட்டிக் கொடுத்தார். போனதும் தோளைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். அருவருப்பு போகவில்லை. அவர்மேல் மட்டுமா? என்மேலும்தான்.

17.10, வியாழன்
மழை. கரண்ட் இல்லை. மாமா காலையில் சாப்பிடவில்லை. அத்தை அடுப்படியில் முணுமுணுப்பு: "ஊட்டுப் புள்ள படிப்பைக் கெடுத்துப் போட்டனேன்னு மனுசன் ராத்திரியெல்லாம் தூங்குல."
எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தேன். காலில் அட்டை. கைடுக்குப் போன். "பொட்டு படாததும் நீலம்தான் சார். அப்படித்தான் எழுதுவேன்."
கைடு, "அப்ப வேற கைடு பாத்துக்க."
"சரிங்க சார்."
ரிசீவரை வைத்துவிட்டுக் காசைக் கொடுத்தேன். தோளில் ஒட்டியிருந்த அருவருப்பு போயிருந்தது.
வந்ததும் மாமாவைப் பிடித்து இழுத்துப் போய்ப் பின் வரிசையைக் காட்டினேன். "பனிதானுங்க மாமா. நீங்க இல்ல. இதுல உங்க கையே படலை, பாருங்க, இதுவும் நீலம்." குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். என் தலையைத் தடவினார்.
"அத்தன படிச்ச மனுசன் சொல்லிட்டுப் போயிருக்காரு. எனக்காவ நீ பொய் சொல்லாத சாமி."