சிவப்புப் பென்சிலில் ஒரு லோங்கான்

3 ஜூன் 1957

சுகாதார இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டையோடு வந்து, கைக்குட்டையோடே போனார். எங்கள் ஆலையில் ரப்பர் கழுவிய அழுக்குத் தண்ணீர் லோங்கானில், அதாவது சாக்கடைக் கால்வாயில், ஓடி ஆற்றில் விழுகிறதாம். ஆறு வருடமாக விழுகிறது, இன்றைக்குத்தான் நாறியிருக்கிறது! இந்த நாட்டின் முதல் சுதந்திர விழாவுக்குள் எழுத்தில் ஒரு திட்டம் வேண்டுமாம்.

மேனேஜர் சேதுராமன் என்னைப் பார்த்தார். "கருணா, நீதான் நல்லா எழுதுவ." நான் தலைமைக் கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா; அந்த வேலை ஆண்டுக் கடைசியில்தான் நிரந்தரமாகும். எழுதுகிறேன் என்றேன்.

11 ஜூன்

நாற்றத்துக்கு ஒரு அத்தியாயம் முடிந்தது. எந்த மாதம் காற்று எந்தப் பக்கம் வீச வேண்டும் என்று அட்டவணை போட்டிருக்கிறேன். காற்றுக்கு ஒரு நகல் அனுப்பாததுதான் குறை.

20 ஜூன்

அழுக்கு அடியில் தங்க மூன்று தொட்டி கட்டலாம் என்று எழுதியிருந்தேன். மேனேஜர் அந்த வரியை அடித்துவிட்டார். "தொட்டியெல்லாம் அடுத்த வருஷம் லா. விழாவுக்கு வர்றவங்க பாலத்துல நின்னா தண்ணி கண்ணுல படக்கூடாது. அவ்வளவுதான்."

அப்படியானால் ஆற்றை விட்டு வேறு பக்கம் திருப்ப வேண்டும். அலமாரியில் பழைய வரைபடம் ஒன்று இருந்தது. ஆலைக்குப் பின்னால் 'சதுப்பு, காலி நிலம்'. சிவப்புப் பென்சிலால் ஸ்கேல் வைத்து ஒரே கோடு. பார்க்க அழகாக இருந்தது.

2 ஜூலை

லோங்கான் வெட்டும் அப்பாசாமி மேசைக்கு வந்து தலையைச் சொறிந்தான். "கிராணி ஐயா, இந்தக் கோடு போற பக்கம் இப்ப ஆளுங்க குடியிருக்காங்கய்யா. ஒருக்கா வந்து பாத்துருங்களேன்."

"வரைபடம் கவர்மெண்டு போட்டதுப்பா" என்றேன். கவர்மெண்டைவிட இவனுக்கு அதிகம் தெரியுமா? சேற்றில் இறங்க, காலில் சப்பாத்தும் புதுசு.

14 ஜூலை

காஜா பேராங் பகுதியில் புது வாடகை வீட்டுக்கு வந்துவிட்டோம். என் மனைவி சந்திரமதி சம்மதித்ததே கிணற்றுக்காகத்தான். "இந்தத் தண்ணியில தேத்தண்ணி போட்டா தனி ருசிங்க." உண்மைதான். இரண்டு கோப்பை குடித்தேன்.

31 ஆகஸ்ட்

மெர்டேக்கா! சுதந்திரம் வந்துவிட்டது! பாலத்தின் மேல் கொடிகள், கீழே தெளிந்த ஆறு; ஆலைத் தண்ணீர் இப்போது என் கோட்டு வழியில். இன்ஸ்பெக்டர் கைக்குட்டை இல்லாமலே வந்து கைகுலுக்கினார். 'முன்மாதிரித் திட்டம்' என்றார். மேனேஜர் என் முதுகில் தட்டினார். கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

12 செப்டம்பர்

தேத்தண்ணியில் ஏதோ வாடை. பால் டின் பழசு என்று சந்திரமதியைக் கோபித்துக்கொண்டேன்.

15 செப்டம்பர்

பால் இல்லை. கிணறு.

கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாக வெட்டிய லோங்கான், ஸ்கேல் வைத்ததுபோல் நேராக. ஐயோ, நேர்கோடு! ஆறு வருடம் ஆலையில் இருந்தும் இந்த நாற்றத்தை நான் கிட்டே நின்று முகர்ந்ததே இல்லையே. தினமும் சைக்கிளில் ரோடு வழியாகச் சுற்றி வருகிறவனுக்கு, ஆலையின் முதுகும் என் வீட்டின் முதுகும் ஒட்டிக்கொண்டிருப்பது எப்படித் தெரியும்? அப்பாசாமிக்குத் தெரிந்ததே.

22 செப்டம்பர்

சந்திரமதி தெருவையே கூட்டிவிட்டாள். ஆலைக்கு மனு கொடுக்க வேண்டுமாம். "நீங்கதாங்க நல்லா எழுதுவீங்க." நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். எதிர்வீட்டு சீதா அம்மாள் தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டி வீட்டார், தமிழ் தெரியாது. மலாயில் படித்துச் சொன்னதும் "பெதுல், பெதுல்! பூசுக் சங்காட்!" நிஜம்தான், ஒரே நாற்றம் என்று மூக்கைப் பொத்திக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

'மூளையில்லாத எவனோ போட்ட கோடு' என்ற வரி சந்திரமதி தானாகச் சேர்த்தது. அதில் ஒரு ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தச் சொன்னேன்.

23 செப்டம்பர்

மனு வந்தது. 'பெறப்பட்டது' என்று நானே முத்திரை குத்தினேன். மேனேஜர் படித்துவிட்டுச் சிரித்தார். "எவனோ நல்லா எழுதியிருக்கான் பா. பதில் நீயே போட்டுடு. திட்டப்படிதான் எல்லாம் நடக்குதுன்னு எழுது. டிசம்பர்ல உன் வேலை விஷயம் இருக்கு, ஞாபகம் வச்சுக்க."

24 செப்டம்பர்

இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். இரண்டுமே நன்றாக வந்திருந்தன.

25 செப்டம்பர்

காலையில் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அப்பாசாமியோடு லோங்கான் நெடுக நடந்தேன். கெட்டுப்போன கிணறு பதினொன்று. வழுக்கிய இடத்திலெல்லாம் அவன் கை கொடுத்தான். அதுதான் தாங்க முடியவில்லை.

பதில் போட்டுவிட்டேன். 'கோடு போட்டவன் நான். இடத்தைப் போய்ப் பார்க்கவில்லை. மூன்று தொட்டி கட்டும்வரை இந்த வழியை அடைக்க வேண்டும்.' தெருவுக்கு ஒன்று, இன்ஸ்பெக்டருக்கு ஒன்று. மேனேஜருக்கும் ஒரு நகல்.

சந்திரமதியிடம் இன்னும் சொல்லவில்லை. அதே கிணற்றுத் தண்ணீரில் அவள் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.